எதிர்வீட்டைப் பார்த்த குழாய்

ரேடியோ, சிப்பி கழுவுகிற தண்ணீர் வாளிக்குள் விழுந்தபோது பிக்ஹாவுக்குச் சிரிப்புதான் வந்தது. தகரக் கூரையின் தூணில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த பழைய ரேடியோ. பாட்டுக்கு நடுவில் ஈரல் மருந்து விற்கிறவன் ஒருவன், "வயிறு உப்புசமா இருக்காம்மா? நாக்கு கசக்குதா?" என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தான். கடல் காற்றில் ஆணி இற்றுப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. கேள்வியோடு சேர்ந்து அவனும் உள்ளே போனான். கொஞ்ச நேரம் குமிழி வந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

"நல்லா குடிச்சிருக்கான். இனிமே அவனுக்குத்தான் உப்புசம்" என்றாள் தூய்.

பிக்ஹாவின் முற்றத்தில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தூய் வியட்நாமில் பிறந்து இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள். வந்த புதிதில் வாயைத் திறக்கவே மாட்டாள். இப்போது அவள் வாயை மூடவைக்க யாராலும் முடியாது. சிரித்துக்கொண்டே பிக்ஹா தலையைத் தூக்கித் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அங்கே தன் வீட்டு வாசலில் தனியாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்த போங்ச்சியும் சிரித்தாள். ஆனால் கொஞ்சம் தாமதமாக. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, கடைசியாக.

அந்தத் தாமதம் பிக்ஹாவுக்கு ரொம்ப நாளாகவே உறுத்திக்கொண்டிருந்தது. போங்ச்சி முன்பெல்லாம் இந்த முற்றத்தில் அவள் பக்கத்தில்தான் உட்காருவாள். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், கத்தியை நிறுத்தாமல், ஊர்க் கதை முழுக்கப் பேசுவார்கள். பிக்ஹா கல்யாணமாகி இங்கே வந்தபோது சிப்பியின் வாய் எது, முதுகு எது என்றே தெரியாது. ஓட்டின் எந்த ஓரத்தில் கத்தியை நுழைத்தால் சதை கிழியாமல் வரும் என்று அவளுக்குக் காட்டியது போங்ச்சிதான். போங்ச்சியின் புருஷனுக்குப் பக்கவாதம் வந்து அவர் முன்னறைக் கட்டிலோடு கட்டிலாகப் போனதிலிருந்து அவளால் வாசலை விட்டு நகர முடியவில்லை. அதனால் பிக்ஹாவே காலையில் ஒரு கூடைச் சிப்பியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் கொட்டிவிட்டு வருவாள். சாயந்தரம் உடைத்த சதையை வாங்கி வருவாள். நடுவில் ஒரு தெரு. சின்ன லாரி ஒன்று போகிற அகலம்தான். ஆனால் சிரிப்பு அந்தத் தெருவைத் தாண்டிப் போய்ச் சேர நேரம் எடுத்தது. பாவம், அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று பிக்ஹா நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் கடலில் சிப்பி வளர்க்கிற தெப்பத்திலிருந்து திரும்பி வந்த புருஷன் கோக்தியனிடம், ரேடியோ செத்த செய்தியைச் சொன்ன கையோடு, "இனிமே ரேடியோ வேண்டாம். முற்றத்துல ஸ்பீக்கர் மாட்டிடலாம். எதிர்வீடு வரைக்கும் கேக்கணும்" என்றாள்.

முழங்கால் வரை சேறோடு நின்றுகொண்டிருந்த கோக்தியனின் முகம் கல்யாணப் பேச்சு எடுத்த மாதிரி மலர்ந்துவிட்டது. ஸ்பீக்கர் என்றால் அவனுக்கு உயிர். கோயில் திருவிழாவில் சாமி பல்லக்குக்குப் பின்னால் வருகிற சவுண்டு வண்டியை ஒட்டியே நடந்து போய், ஒரு வாரம் காது கேட்காமல் அலைகிறவன்.

"இப்பவே போலாம்" என்றான்.

"காலைக் கழுவுடா பழஞ்சரக்கே. கடைக்குள்ள விடமாட்டான்."

டவுனில் லிம் என்பவரின் கடை. கரோக்கே செட்டு, கோயில் சவுண்டு, வட்டத் தலைவர்கள் அறிவிப்புச் செய்கிற குழாய் ஸ்பீக்கர் எல்லாம் அங்கேதான். உள்ளே நுழைந்ததும் கோக்தியன் நேராகப் போய் ஒரு கறுப்புப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டான். அது அவன் நெஞ்சு உயரம் இருந்தது. தோளில் கைபோட்டுப் போட்டோ எடுக்க நிற்கிறவன் மாதிரி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, "இதுதான். கடல்ல இருந்தே எனக்குக் கேக்கும்" என்றான்.

"கடல்ல கேட்டு என்ன பண்ணப்போற? சிப்பி ஆடுமா?"

லிம் சிரித்தார். மெலிந்த மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். "அண்ணே, அது கூரைக்கு உள்ள வைக்கிறது. உங்க ஊர்க் காத்துல பாதி உப்பு. உள்ள இருக்கிற காகிதக் கூம்பு ஊறிப்போகும், முன்னாடி இருக்கிற வலை துருப்பிடிக்கும். ஒரு புயல் மாசம் தாங்காது" என்றவர், அலமாரியிலிருந்து வெள்ளையாக ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிளாஸ்டிக் உடம்பு, அலுமினிய வலை, துருப்பிடிக்காத பிடி, வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் மூடி. ரெண்டு கிலோ அரிசிப் பை அளவுதான்.

"இத்துனூண்டா?" கோக்தியனுக்கு அழுகை வராத குறை.

"சத்தம் வீட்டுக்குள்ளன்னா சுவத்துல முட்டித் திரும்பி வரும் அண்ணே. வெளியில போனது போனதுதான். அதுக்காக ஒரே பெட்டியைக் கத்த விட்டீங்கன்னா, பக்கத்துல உக்காந்தவங்க காது போயிடும், தூரத்துல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் வெளங்காது. சின்னதா நாலஞ்சு வாங்கி ஆளுங்களுக்குக் கிட்ட கிட்ட மாட்டுங்க. கத்தவே வேண்டாம், பேசினா போதும்." அப்புறம் பிக்ஹாவின் பக்கம் திரும்பி, "பாட்டு ஓடறப்ப நீங்கள்லாம் பேசுவீங்களாம்மா?" என்றார்.

"பேசாம எப்படி வேலை செய்றது?"

"அப்ப பெருசு வேண்டவே வேண்டாம்."

அந்தக் கேள்வி பிக்ஹாவுக்குப் பிடித்துப்போனது. இதுவரை எந்தக் கடைக்காரனும் அவளிடம் அவள் பேசுவாளா என்று கேட்டதில்லை. வெள்ளைப் பெட்டியில் ரெண்டு எடுத்து வைக்கச் சொன்னாள். கூரையின் இந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று. ஆனால் அவள் இங்கே வந்தது அதற்காக அல்லவே. சுவரில் சாம்பல் நிறத்தில் வாயைத் திறந்தபடி வரிசையாகத் தொங்கிய குழாய்களைக் கைகாட்டினாள்.

"அதுல ஒண்ணு கொடுங்க. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கா. தூரத்துக்கு அதுதானே சரி? தலைவர் அதுல பேசினா கடல் வரைக்கும் கேக்குது."

"கேக்கும். ஆனா பாட்டு தகரத்துல போட்டு வறுத்த மாதிரி இருக்கும்."

"அவளுக்குப் பாட்டு எப்படி இருந்தா என்ன. எங்களோட சேர்ந்து கேக்கணும். அதான்."

லிம் ஒரு குழாயை இறக்கி வைத்தார். ஆம்ப்ளிஃபையர் எடுக்கும்போதுதான் அவர் கறாராக நின்றார். கோக்தியன் மினுமினுவென்று விளக்கு எரிகிற கரோக்கே பெட்டியைக் கேட்டான். அதில் இத்தனையும் மாட்டினால் சூடாகிச் செத்துப்போகும் என்றார் அவர். நீள வயருக்கு என்றே செய்த வேறொன்றைத் தூக்கி வைத்தார். பார்க்க அலுவலகத்து இரும்புப் பெட்டி மாதிரி இருந்தது. ரேடியோ அதற்குள்ளேயே இருந்தது. "ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கும்னு கூட்டிக்கணும். அதுக்கு மேல கொஞ்சம் தெம்பு இதுக்கு மிச்சம் இருக்கணும்."

"படகு மோட்டார் மாதிரி" என்றான் கோக்தியன், விளக்கு எரியாத வருத்தத்தோடு.

"அதேதான் அண்ணே. மோட்டார் மாதிரி இதையும் உப்புத் தண்ணி படாம வைங்க. ஸ்பீக்கர் வெளியில இருக்கும். இது வெளியில இருக்கக் கூடாது."

மறுநாள் கோக்தியன் தெப்பத்துக்குப் போகவில்லை. காலையிலேயே ஏணியைப் போட்டு ஏறிவிட்டான். கீழே நின்று ஆளுக்கொரு திசை சொன்னார்கள். இடது பக்கம் என்றால் யாருடைய இடது என்று அவன் கேட்க, உன் பெண்டாட்டியோட இடது என்று தூய் சொல்ல, ஒரு மணிநேர வேலை மத்தியானம் வரை இழுத்தது. வெள்ளைப் பெட்டிகள் இரண்டும் கூரை மூலைகளில் குனிந்து பார்த்தபடி உட்கார்ந்துகொண்டன. குழாயைத் தெருவோரம் நிற்கும் கூரைத் தூணின் உச்சியில் கட்டினார்கள். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் மட்டும் பிக்ஹா யாரையும் பேசவிடவில்லை. போங்ச்சியின் வாசலுக்கு நேராக, அவள் முக்காலி போடுகிற இடத்துக்கு நேராக, இம்மி பிசகாமல் நிறுத்தச் சொன்னாள்.

அந்த நேரம் போங்ச்சி வாசலில் இல்லை. புருஷனைக் குளிப்பாட்டுகிற நேரம். பொத்தானை அழுத்தியதும் முதலில் குழாய் ஒரு தடவை வீறிட்டது. அப்புறம் மருந்துக்காரன் வந்தான், அதே உப்புசம், அதே அக்கறை. பெண்கள் கைதட்டினார்கள். வெள்ளைப் பெட்டிகளிலிருந்து வந்த பாட்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பாடுகிற மாதிரி இருந்தது. பேச்சும் கேட்டது, பாட்டும் கேட்டது. லிம் சொன்னது சரிதான்.

போங்ச்சி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். நின்று குழாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா! கேக்குதா?" என்று பிக்ஹா கையை ஆட்டினாள்.

போங்ச்சி தலையை ஆட்டினாள். அன்று முழுக்க பிக்ஹா தானும் சேர்ந்து பாடினாள். பாட்டு தெரியாத இடங்களில் சிப்பியை எண்ணுகிற மாதிரி முணுமுணுத்துச் சமாளித்தாள். சாயந்தரம் உடைத்த சதையை வாங்கப் போனபோது போங்ச்சி பாத்திரத்தை நீட்டிவிட்டு, "நாளைக்குக் கூடை கொண்டு வராத. கை வலிக்குது" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கை வலிக்கிறவளை என்ன சொல்வது? தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள்.

விடிந்ததும் தூய்தான் முதலில் பார்த்தாள். "அக்கா, போங்ச்சி பெரியம்மா வீட்டு நெலைமேல புதுசா என்னமோ தொங்குது."

எட்டு மூலை மரச் சட்டம். சுற்றிலும் கோடு கோடாக வரைந்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. கெட்டது ஏதாவது நேராக வாசலைக் குத்தினால், அதை வந்த வழியே திருப்பி அனுப்ப மாட்டுவது. சீன மருந்துக் கடைக்குப் பக்கத்தில், சாமிச் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். போங்ச்சி நேற்று இருட்டினதும் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டு டவுனுக்குப் போய் வந்தாள் என்று முற்றத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். மாதக் கணக்கில் வாசலைத் தாண்டாதவள்.

"யாரு எதைக் குத்தறாங்களாம் அந்த வீட்டை?" என்று பிக்ஹா சுற்றுமுற்றும் பார்த்தாள். மின்கம்பம் எப்போதும் நின்ற இடத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக் கூரை முனையும் பழசுதான். புதிதாக எதுவும் இல்லை. தெருவில் இறங்கி, போங்ச்சியின் வாசலுக்கு எதிரே நின்று அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் தலைக்கு மேலே, சாம்பல் நிறத்தில், ஒரு வாய் திறந்திருந்தது.

அவள் கட்டிய குழாய். இந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலைப் பார்த்துக் குழாய் கட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கூடாரம் போட்டு, படத்தை வைத்து, கூலிக்கு அழ வந்தவள் தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தபடி "அப்பா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே" என்று முட்டிபோட்டுக் கதறுவாளே, அந்தச் சாவு நாளில். போன வருஷம் தெருக்கோடியில் கட்டினார்கள். அதற்கு முன்னால் பிக்ஹாவின் மாமனாருக்கே கட்டினார்கள். படுத்த படுக்கையாக ஒரு மனுஷன் கிடக்கிற வீட்டைப் பார்த்து, அவர் மூச்சு இருக்கும்போதே, அவள் கட்டியிருக்கிறாள். இம்மி பிசகக் கூடாது என்று அதட்டி வேறு.

"தூய், ஏணியைப் பிடி" என்றாள். கோக்தியன் கடலுக்குப் போயிருந்தான். அவளே ஏறினாள். திருப்புளி வழுக்கியது. தூய் கீழே இருந்து, "அக்கா, நீ விழுந்தா குழாய் உனக்குத்தான் கட்டணும்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

கோக்தியன் திரும்பி வந்து, தூணில் குழாய் இல்லாததையும், பெண்டாட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்தான். கதையைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். "நீதானே அந்தப் பக்கம் திருப்பச் சொன்ன?"

"நீதானே திருப்பின? ஏணிமேல இருந்தப்ப உனக்கு மூளை கீழயா இருந்துச்சு?"

"ஏணிமேல நிக்கறவன் சொன்னதைத்தான் செய்வான்."

அப்புறம் கோக்தியன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். குழாயை நடுவில் வைத்துக்கொண்டு பிக்ஹா பின்னால் ஏறினாள்.

லிம் கதையைக் கேட்டு, "ஐயையோ" என்று கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "பாட்டு ஓடறப்ப பேசுவீங்களான்னு கேட்டேன். எதைப் பார்த்து மாட்டறீங்கன்னு கேக்காம விட்டுட்டேன்." மறுபேச்சில்லாமல் குழாயை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக இன்னும் ரெண்டு வெள்ளைப் பெட்டிகளைக் கொடுத்தார். ஒரு காகிதத்தில் தெருவைப் போட்டார், இந்தப் பக்கம் ஒரு கட்டம், அந்தப் பக்கம் ஒரு கட்டம். "ஸ்பீக்கர் எப்பவும் அடுத்தவங்க வீட்டைப் பார்க்கக் கூடாதும்மா. உங்க வீட்டையே பார்க்கணும். தெரு ஓரத்துல இருந்து உங்க முற்றத்தைப் பார்த்து வைங்க. சத்தமும் வெளியில ஓடாது."

"எங்க பக்கம் தெருவோரத்துல அந்த ஒத்தைத் தூணை விட்டா எதுவும் இல்லையே."

லிம்மின் பென்சில் எதிர்ப்பக்கக் கட்டத்தின்மேல் போய் நின்றது. "இங்க ஒரு சுவர் இருக்குல்ல?"

அது போங்ச்சியின் வீட்டுச் சுவர். பிக்ஹா காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பன்றிக்காலை வாங்கி வேகவைத்தாள். சோயாச்சாறில் நெடுநேரம் கொதித்து எலும்பிலிருந்து தோல் கழன்று வருகிற பதத்தில் இறக்கி, மெல்லிய சேமியாவின்மேல் ஊற்றி, அவித்த முட்டையை வைத்தாள். பீடை போகச் சாப்பிடுகிற சாப்பாடு. ஜெயிலிலிருந்து வந்தவனுக்கும், விபத்தில் பிழைத்தவனுக்கும் கொடுப்பது. துணிக்கடையில் ஒரு முழம் சிவப்புத் துணி கிழித்து வாங்கி வைத்திருந்தாள். அடுத்தவர் வாசலில் கெட்டதைக் கொண்டு போய் நிறுத்தியவர், தன் கையால் அந்த வாசலில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வர வேண்டும். அதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. தெருவைத் தாண்டும்போது கிண்ணத்துக் குழம்பு தளும்பிக் கையைச் சுட்டது. முற்றத்துப் பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

போங்ச்சி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், சும்மா. மடியில் கை. கூடையில்லாமல் அவள் கைகளைப் பார்க்கவே பிக்ஹாவுக்குப் பழக்கமில்லை.

"அக்கா" என்றாள். அதற்குமேல் யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "நான் ஒரு முட்டாள்."

"அது ஊருக்கே தெரியும்" என்றாள் போங்ச்சி. பிக்ஹா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எட்டி நிலையில் துணியைக் கட்டுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு ரெண்டு தரம் நழுவியது. "நீ கெட்டது நெனைக்கறவ இல்லன்னு எனக்குத் தெரியும்டி. ஆனா குழாய்க்குத் தெரியுமா? அது கத்தினதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாய் கோணிப்போன மனுஷன், ஒரு வார்த்தை பேசி எவ்வளவு காலமாச்சு. கண்ணால என்னைப் பார்த்துக் கேக்கறாரு, யாருக்குன்னு. நான் என்ன சொல்றது?"

பிக்ஹா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கட்டில் தெரிந்தது. மின்விசிறிக் காற்றில் போர்வையின் ஓரம் ஏறி இறங்கியது. "உனக்குக் கேக்கலைன்னு நெனச்சேன். நாங்க சிரிச்சு முடிச்சப்புறம்தான் நீ சிரிக்கற. அது எனக்கு... உன்னை அங்கயே விட்டுட்டு நாங்க மட்டும் சிரிக்கற மாதிரி இருந்துச்சு."

போங்ச்சி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"எனக்குக் கேக்கலைன்னு எவ சொன்னா? நீ உன் புருஷனைத் திட்டறது கேக்கும். அந்த வியட்நாம்காரி உன் சமையலைப் பத்தி உன் முதுகுக்குப் பின்னால சொல்றது கேக்கும். என் மூக்கைப் பத்தி நீங்க பேசினதுகூடக் கேட்டுச்சு." கிண்ணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சிரிக்கறதுக்கு முன்னாடி உள்ள ஒரு பார்வை பாத்துக்கணும்ல? அவர் தூங்கறாரா முழிச்சிருக்காரான்னு. பாத்துட்டுச் சிரிச்சா நேரமாகத்தான் செய்யும். உங்க சத்தம் எனக்குப் பத்தலைன்னு என்னைக்காவது சொன்னேனா? சில நாள் அதைக் கொறைக்க முடியலையேன்னுதான் இருக்கும். அவர் ராத்திரி பூரா முனகிட்டு பகல்ல கண்ணசந்தா, அப்பதான் உங்களுக்குப் பெரிய பாட்டு வரும். எழுந்து வந்து சொல்லலாம். வர்றதுக்குள்ள அவர் முழிச்சுக்குவாரு."

லிம்மின் பென்சில் நின்ற இடம் பிக்ஹாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அந்தச் சுவரைக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"அப்ப அந்த இரும்புப் பெட்டியை நீயே வெச்சுக்கோ."

"எந்தப் பெட்டி?"

"ஆம்ப்ளிஃபையர். ஜன்னலுக்கு உள்பக்கம் உன் கைக்கு எட்டற மாதிரி. எங்க பக்கம் எப்பப் பாத்தாலும் தண்ணியடிச்சுக் கழுவறோம், அங்க இருந்தா செத்துடும்னு கடைக்காரரே சொன்னாரு. இங்கதான் ஈரமில்ல. ஸ்பீக்கர் உன் சுவத்துல எங்களைப் பார்த்து இருக்கும். உன் வீட்டைப் பார்த்து ஒண்ணும் இருக்காது. கூட்டறது, கொறைக்கறது, அணைக்கறது எல்லாம் நீதான்."

போங்ச்சி சேமியாவை வாயில் வைத்துக்கொண்டு மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"எனக்குப் பிடிச்ச பாட்டுத்தான் போடுவேன்" என்றாள்.

"போடு."

"மருந்துக்காரன் வந்தா அணைச்சிடுவேன்."

"தூய் அழுவா. அவ அவனைத்தான் நெனச்சுட்டிருக்கா."

போங்ச்சி திரும்பி உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வாசலிலேயே, பிக்ஹாவின் தோளைப் பிடித்துக்கொண்டு.

கண்ணாடி மட்டும் உடனே இறங்கவில்லை. மாட்டினதை நினைத்த நேரத்தில் எடுக்கக் கூடாதாம், கோயிலில் கேட்டு நாள் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் பிக்ஹா. கோக்தியன் மறுபடி ஏணி போட்டான். "நம்ம காசுல வாங்கின பெட்டி எதிர்வீட்டுல. நல்லா இருக்கு நியாயம்" என்று மேலே நின்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் வயரைத் தெருவுக்கு மேலே, லாரிக்குத் தட்டாத உயரத்தில், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவதில் அவன் காட்டிய பொறுப்பைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. போங்ச்சியின் சுவரில் இரண்டு வெள்ளைப் பெட்டிகள் முற்றத்தைப் பார்த்து உட்கார்ந்தன. கூரை மூலைகளில் இருந்தவை இங்கிருந்து வயர் வாங்கிக்கொண்டன. கட்டிலில் இருந்தவர் ஜன்னல் வழியாக ஏணியில் தெரிந்த கோக்தியனின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கடைசித் திருகாணி விழுந்து உருண்டபோது அவர் வாயின் ஒரு பக்கம் மேலே போனதாகப் போங்ச்சி சொன்னாள். சிரிப்பாக இருக்கலாம் என்றாள்.

மறுநாளே கூடை தெருவைத் தாண்டிப் போனது.

முதல் சில நாட்கள் போங்ச்சிக்கு அதிகாரம் தலைக்கேறிவிட்டது. பாட்டை நடுவில் மாற்றினாள். மருந்துக்காரன் "வயிறு" என்று ஆரம்பித்ததுமே கழுத்தைப் பிடித்த மாதிரி அணைத்தாள். தூய் அவளைப் பற்றி என்னமோ சொன்னபோது சத்தத்தை ஏற்றி அவள் பேச்சை மூழ்கடித்தாள். "பெரியம்மா, இது சர்வாதிகாரம்!" என்று தூய் தெருவுக்கு வந்து கத்தினாள். பிறகு அது அவர்களுக்கே தெரியாமல் வேலையோடு சேர்ந்துபோனது. பாட்டு நல்ல சத்தமாக இருந்தால் அவர் முழித்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், இன்றைக்குத் தெம்பாக இருக்கிறார். நடுவில் நின்றால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள். மெல்ல இறங்கினால் அவர் கண்ணசருகிறார். எதிர்வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மழை நாளில் காலை முழுக்கப் பாட்டே வரவில்லை. எல்லாருக்கும் கை ஓடவில்லை. மத்தியானம் மெலிதாக ஒரு பழைய பாட்டு தொடங்கியதும் பிக்ஹா எழுந்து போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். வெங்காயம் எதுவும் உரிக்காமலேயே.

இன்று வெயில். கோக்தியன் விடியற்காலையில் இழுத்து வந்த சிப்பி முற்றம் நிறையக் குவிந்து கிடக்கிறது. தூய் தன் மாமியார் கரோக்கே போட்டியில் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடிய கதையை ஆரம்பித்து, மாமியார் மாதிரியே வாயைக் குழித்துக்கொண்டு நடித்துக் காட்டுகிறாள். சுவரிலிருந்து பாட்டு நன்றாக இறங்கிக்கொண்டிருக்கிறது. கதை பல்செட்டுக்கு வந்து சேர்கிற இடத்தில், தண்ணீர் வடிகிற மாதிரி, பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகிறது. தூய் நடித்த முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறாள். பிக்ஹா உடைத்த ஓட்டைக் குவியலை நோக்கி எறியக் கையை ஓங்கியவள், எறியாமல் எழுந்து போய் மெல்ல வைக்கிறாள். மற்றவர்களும் அப்படியே செய்கிறார்கள், ஒவ்வொரு ஓடாக, முட்டையை வைக்கிற மாதிரி. மிச்சக் கதையைத் தூய் சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொல்லி முடிக்கிறாள். எல்லார் தோள்களும் குலுங்குகின்றன, ஒரு சத்தமும் இல்லை. எதிரே ஜன்னலில் போங்ச்சியின் கை மட்டும் தெரிகிறது. பாட்டின் மிச்சத்துக்கு அவளுடைய ஒரு விரல் இரும்புப் பெட்டியின்மேல் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.